எட்டு அங்குலத்துக்குள் ஒரு மன்னிப்பு

மெல்லிய தட்டைக் கத்தி வெள்ளை ஐசிங்கின் மேல் ஏறக்குறையப் படுத்தபடி நகர்ந்தது. வலக்கை கத்தியைத் தள்ள, இடக்கை கேக்குக்குக் கீழிருந்த சுழல்தட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொடுத்தது. நீல நிறத்தில் வளைந்து வளைந்து எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து முதலில் போனது. பிறகு அதற்கு முந்திய இரண்டும் போயின. ஒவ்வொரு தள்ளலுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து எடுத்ததால், வெள்ளையில் நீலத்தின் நிழல்கூட ஒட்டவில்லை. எழுதுவதற்கு எல்லோரும் பழகிவிடலாம், எழுதினதைத் தடம் தெரியாமல் எடுக்கத்தான் கை வேண்டும் என்பது அந்தக் கைகளுக்கு உரியவரின் கட்சி.

"அன்ரி, வெயிற், வெயிற். ஏன் அழிக்கிறீங்கள்? பெர்ஃபெக்ற்றாய் இருந்ததே."

"எழுத்து வடிவாய்த்தான் இருந்தது பிள்ளை. சொல்லுத்தான் காணாது" என்றார் எமில்டா.

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் சமையலறை அது. கேட்டுக்கொண்டு நின்றது அட்சயா. இரண்டு நாளுக்கு முன் மிசிசாகாவிலிருந்து தொலைபேசியில், எட்டு அங்குல பட்டர் கேக், மேலே 'ஸொறி' என்று மட்டும் எழுதினால் போதும் என்று ஓடர் கொடுத்தவள் அவள்தான். இன்று தகப்பன் சச்சிதானந்தனையும் கூட்டிக்கொண்டு கேக்கை எடுக்க வந்திருந்தாள். இங்கிருந்து இருவரும் பிக்கரிங் போகவேண்டும். அங்கேதான் கஜீவனின் வீடு. கஜீவனுக்கும் அட்சயாவுக்கும் கலியாணம் பேசி, நாளும் ஏறக்குறையப் பொருந்தி வந்த நேரத்தில், கஜீவனின் தாய் யோகமலர் கதையை நிறுத்திவிட்டார். தொலைபேசியை எடுப்பதில்லை. மகன் கேட்டால், "அவை பெரிய ஆக்கள், எங்களுக்கு ஏன்" என்று ஒரே பதில். சனிக்கிழமை பின்னேரம் தாங்கள் வரலாமா என்று அட்சயா கேட்டுவிட்டதற்கு, "வந்தால் வரட்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கேக்.

எமில்டாவுக்கு ஆங்கிலம் கேக்கின் வழியாக வந்தது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியதும் கிடைத்தது ஒரு கேக் தொழிற்சாலை வேலை. ஓடுகிற பட்டியில் கேக்குகள் வரும். ஒன்றுக்கு ஒரு ரோசாப்பூப் பிழியவேண்டும். பூவுக்குப் பிறகு இலை, இலைக்குப் பிறகு எழுத்து என்று பக்கத்தில் நின்றவர்களின் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்தே ஏறிவந்தவர். ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் அதை யார் வாசிக்கப்போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்வார். ஒருமுறை, வேலையை விட்டுப் போகிற மேலாளருக்கு 'குட் லக்' என்று எழுதித் தரும்படி ஒருவன் கேட்டான். அந்த மேலாளர் எப்படிப்பட்டவர் என்று எமில்டா விசாரித்தார். அவன் சொன்னதைக் கேட்டபின், "அப்ப 'ஓல் த பெஸ்ற்' எண்டு போடுவம் தம்பி. 'குட் லக்' எண்டால் இனி உனக்கு இருக்கு எண்ட மாதிரி அந்தாள் எடுக்கும்" என்றார். அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, 'குட் லக்'கையே கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னான்.

'ஸொறி'யோடு அவருக்கு இருந்த பழக்கம் அதைவிடப் பழையது. தொழிற்சாலையில் முதல் வாரம், தட்டோடு திரும்பும்போது பின்னால் நின்ற ஒரு போர்த்துக்கீசப் பெண்ணின் விலாவில் தட்டின் மூலை நன்றாக இடித்துவிட்டது. எமில்டா வாயைத் திறக்கமுன் அந்தப் பெண் விலாவைப் பிடித்தபடி 'ஸொறி' என்றாள். வீட்டுக்கு வந்து கணவர் சூசைதாசனிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, இந்த நாட்டிலை அடி வாங்கினவைதான் மன்னிப்புக் கேக்கினம்."

"எங்கட வீட்டிலையும் அப்பிடித்தானே நடக்குது" என்றார் சூசைதாசன்.

அவரும் அந்தச் சொல்லிடம் வாங்கிக்கட்டியவர்தான். ஒரு செத்தவீட்டில், எல்லோரும் ஆங்கிலத்தில் 'ஸொறி' சொல்லிக் கைகொடுப்பதைப் பார்த்துத் தானும் கொடுத்தார். கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, நீ என்ன செய்தனீ அவனை?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டார்.

ஆகவே 'ஸொறி' என்ற சொல்லின் பாரம் எவ்வளவு என்று அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார். ஓடர் கொடுத்தவளின் குரல் அவசரமாக இருந்தது. யாருக்கு, எதற்கு என்று கேட்டதற்கு, பிக்கரிங்கில் மாப்பிள்ளையின் தாய் யோகமலருக்கு என்றுவிட்டு, "சும்மா சின்ன மிஸ்அண்டர்ஸ்ராண்டிங் அன்ரி" என்றாள். சின்னதற்குச் சின்னச் சொல் போதும் என்று எமில்டா விட்டுவிட்டார்.

சற்று முன், இருவரும் படியிறங்கி வந்து உட்கார்ந்ததும் எமில்டா தேத்தண்ணி போட்டார். அட்சயா வாங்கிக் குடித்தாள். சச்சிதானந்தன் அறுபதை அண்டிய மனிதர், விமானநிலையச் சரக்குக் கந்தோரில் வேலை, நேர்த்தியாக உள்ளே விட்ட சேட்டு. கோப்பையை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு,

"வேண்டாம் தங்கச்சி, வெளியிலை எடுத்துப் பழக்கமில்லை" என்றார்.

நீட்டிய கோப்பை நீட்டியபடி ஒரு கணம் நின்றது. எமில்டா அதைத் திரும்ப வைத்துவிட்டு, கேக்கைப் பெட்டியில் போட என்று போனவர், பெட்டியை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்.

எமில்டா பிறந்தது தீவுக் கரையில். அங்கே வீட்டு வாசலில் நின்று மீன் வாங்குகிறவர்கள் மீனை நன்றாகத்தான் வாங்குவார்கள். வெயிலில் வந்ததற்குத் தண்ணீர் கொடுத்தால், இப்படித்தான், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு 'பழக்கமில்லை' என்பார்கள். எந்த வீட்டில் வாய் நனைப்பது, எந்த வீட்டில் நனைப்பதில்லை என்று ஊரில் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருந்த அந்தக் கணக்கு, கப்பலும் ஏறாமல் விமானமும் ஏறாமல் எப்படித்தான் கனடாவுக்கு வந்து சேர்ந்ததோ தெரியாது.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே" என்றார், கேக்கைத் திருப்பிக்கொண்டே. "பிக்கரிங் வீட்டிலையும் உதைத்தானே சொன்னனீங்கள்?"

"எதை?"

"பழக்கமில்லை எண்டு."

சச்சிதானந்தன் மகளைப் பார்த்தார். அட்சயா தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா அங்கை ஒண்டுமே எடுக்கேல்லை" என்றாள் அவள். "அம்மாவும் நானும் எல்லாம் சாப்பிட்டம். கஜீவன்ர அம்மா வடை, றோல்ஸ், கேசரி எண்டு ஒரு ரேபிள் நிறையச் செய்து வைச்சவ. அப்பா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் அவ ஃபோன் எடுக்கிறேல்லை. ஆனால் இற்ஸ் ஜஸ்ற் ரீ, அன்ரி. ஆரும் தேத்தண்ணிக்காகக் கலியாணத்தை நிப்பாட்டுவினமோ?"

"தேத்தண்ணிக்காக ஊரே ரெண்டுபட்டிருக்கு பிள்ளை" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. சூசைதாசன் கையில் வாழைப்பழத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவர். சனி ஞாயிறு ஓட்டமில்லை, அதனால் மற்றவர்களின் விவகாரத்துக்கு நேரமிருந்தது. "என்ன எமில்டா, எழுதினதை அழிச்சுப் போட்டீர்?"

"ஸொறி காணாது. வேறை சொல்லு வேணும்."

"உது நல்ல வேலை" என்று அவர் பழத்தை உரித்தபடி படியில் அமர்ந்தார்.

சச்சிதானந்தன் நிமிர்ந்தார். தன்னைப் பற்றிய கதை சொல்லைப் பற்றிய கதையாக மாறியது அவருக்கு ஆறுதல். "நானும் அதைத்தான் பிள்ளைக்குச் சொன்னனான். கந்தோரிலை ஒரு நாளைக்கு நூறு ஸொறி சொல்லுறம். கதவிலை முட்டினால் கதவுக்கும் சொல்லுறம். கொஞ்சம் மரியாதையாய், 'அப்பொலஜி' எண்டு போட்டால் என்ன?"

"அது ரெயின் பிந்தினால் ஒலிபெருக்கியிலை சொல்லுறது அண்ணை" என்றார் சூசைதாசன். "சொல்லிப்போட்டுத் திரும்பவும் பிந்துவினம்."

"அப்ப 'றிக்ரெட்'?"

எமில்டாவின் கத்தி நின்றது. "அதை மட்டும் கேளாதேங்கோ. எங்கட அகதிக் கேஸுக்கு வந்த முதல் கடிதம் அந்தச் சொல்லோடைதான் துவங்கினது. யோகமலர் அக்கா வீட்டுக்கும் வந்திருக்கும். கேக்கிலை கண்டால் தங்களை நாட்டைவிட்டு அனுப்பப் போறியள் எண்டு நினைப்பா."

"பார்டன்?" என்றாள் அட்சயா.

"பார்டன் எண்டால் எனக்குக் கேக்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ எண்டு அர்த்தம்" என்றார் சூசைதாசன். "அவ திரும்பச் சொல்லுவா. முதல் தரம் சொன்னதே காணும்."

"ஃபோர்கிவ் மீ?"

"அது எங்கட பங்குச் சுவாமியாரிட்டைச் சொல்லுறது. அதுக்குப் பிறகு என்னென்ன செய்தனீங்கள் எண்டு ஒண்டொண்டாய்ச் சொல்லவேணும். எட்டு அங்குலத்திலை இடம் வராது."

அட்சயா சிரித்துவிட்டாள். சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. தமிழில் 'மன்னிக்கவும்' என்று எழுதலாமே என்றார். பத்திரிகையில் போன கிழமை பெயரைப் பிழையாகப் போட்டதற்கு இந்தக் கிழமை மூலையில் போடுகிற சொல் அது என்று எமில்டா சொல்ல, அதுவும் போனது. 'குறை நினைக்காதேங்கோ' என்று எழுதலாமா என்று கேட்டார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்வது அது.

அந்த நேரம் அட்சயாவின் தொலைபேசி அடித்தது. கஜீவன். அவள் அதைக் காதில் வைத்தபடி படியேறி மேலே போனாள். சூசைதாசன் ஒதுங்கி வழிவிட்டார்.

எமில்டா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அண்ணை, பிள்ளை இல்லை இப்ப. எனக்கு விளங்காட்டி என்னாலை எழுத ஏலாது. அவையின்ர வீட்டிலை வாய் நனைக்கக்கூடாது எண்டே இருந்தனீங்கள்?"

"ஐயோ தங்கச்சி, என்ன கதை கதைக்கிறியள்" என்றார் சச்சிதானந்தன். முகம் சிவந்துவிட்டது. "நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. அவை ஆர் எவர் எண்டு நான் விசாரிக்கக்கூட இல்லை."

"அப்ப என்னட்டையும் ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

அவர் மேலே படிக்கட்டைப் பார்த்தார். மகளின் குரல் தூரத்தில் கேட்டது. கதிரையை எமில்டாவின் மேசைப்பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டார்.

"நாலு சைபர் ஒண்டு" என்றார் மெதுவாக.

"என்ன?"

"பெருந்தெரு, தங்கச்சி. மிசிசாகாவிலிருந்து பிக்கரிங் எண்டால் நாலு சைபர் ஒண்டிலை இந்த முனையிலிருந்து அந்த முனை. ஒரு பனிக்காலம், கென்னடி வீதி எக்ஸிற்றுக்குக் கிட்ட ஒரு லொறி பிரண்டு ரோட்டு அடைபட்டுப் போச்சு. முன்னாலையும் கார், பின்னாலையும் கார், ரெண்டு பக்கமும் கார். நான் வெளிக்கிட முந்தி ரெண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்." நிறுத்தினார். "அண்டைக்கு நடந்தது எனக்கும் அந்தக் காருக்கும்தான் தெரியும். காரையும் பேந்து வித்துப்போட்டன்."

படியில் இருந்த சூசைதாசனுக்குப் பழம் புரைக்கேறியது.

"அண்டையிலிருந்து நாலு சைபர் ஒண்டிலை ஏறுற நாளிலை நான் ஒண்டும் குடிக்கிறேல்லை. விடிய எழும்பின நேரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புமட்டும் ஒரு சொட்டும் இல்லை. அதை அந்த வீட்டிலை, சம்பந்தி ஆகப்போற ஆக்களுக்கு முன்னாலை, எப்பிடிச் சொல்லுறது? பழக்கமில்லை எண்டன். அதுதான் வாயிலை வந்தது."

"மனுசிக்கும் தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பிரஷர் குளிசை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

எமில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அடங்கவில்லை, தோள் குலுங்கியது. வந்ததிலிருந்து நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்த ஒன்று அந்தக் குலுக்கலோடு கழன்று விழுந்தது. சூசைதாசன் வெளிப்படையாகவே சிரித்தார்.

"அண்ணை, நான் இவ்வளவு வருசம் பஸ் ஓடுறன். எங்கை எங்கை ஒதுங்கலாம் எண்டு ரொறன்ரோ முழுக்க எனக்குப் பாடம். உதுக்கே நீங்கள் ஒரு கலியாணத்தைக் குழப்பினனீங்கள்?"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று எமில்டா கணவரை அதட்டிவிட்டு, ஆறிப்போன அதே தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். கோப்பையை சச்சிதானந்தனுக்கு முன் வைத்தார். "குடியுங்கோ. மேலை ஏறினவுடனை இடக்கைப்பக்கம் முதல் கதவு. அவசரமில்லை."

சச்சிதானந்தன் கோப்பையைப் பார்த்தார். பிறகு, விடியற்காலையிலிருந்து காய்ந்து கிடந்த மனிதனைப் போலவே அதைக் குடித்தார். இடையில் ஒருமுறைதான் மூச்சு விட்டார்.

அவர் மேலே போய்வந்த நேரத்துக்குள் எமில்டா ஒரு தட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் ஐசிங்கால் எழுதிப் பார்த்தார். ஆங்கிலத்தைவிடத் தமிழ் கடினம். சுழியில் கை கொஞ்சம் தாமதித்தாலும் ஐசிங் தடித்து, எழுத்து நத்தையாகிவிடும். அதிலும் அவர் எழுத நினைத்ததில் ணகரம் இரண்டு அடுத்தடுத்து வந்தது. இரண்டு தரம் எழுதி, இரண்டு தரம் துடைத்து, ஐசிங் பிழிகிற நொசிலை இன்னும் மெல்லியதாக மாற்றினார். மூன்றாம் தரம் தட்டில் சரியாக வந்தது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக்கில் எழுதினார். நீலத்தை விட்டுவிட்டு, தேயிலைச் சாயத்தின் மண்ணிறத்தில், இரண்டு வரியாக:

உங்கட கையாலை
ஒரு தேத்தண்ணி தாங்கோ

அட்சயா இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். வாய்க்குள் எழுத்துக்கூட்டி முடித்ததும் நெற்றி சுருங்கியது.

"அன்ரி, நாங்கள் ஸொறி சொல்லப் போறம். இதிலை அவையிட்டை ரீ கேக்கிறம். தற்ஸ் றூட், இல்லையா?"

"ஸொறி எண்டால் நான் விட்ட பிழைக்கு வருத்தம் எண்டு சொல்லுறது. சரிதானே? சொல்லிப்போட்டு ஆள் போயிடலாம். அவவுக்கு அது வேண்டாம் பிள்ளை. உங்கட வீட்டுச் சாமான் எங்கட வாயிலை படலாம் எண்டு கொப்பர் தன்ர வாயாலை கேக்கவேணும். அதுக்கு இங்கிலீசிலை சொல்லு இருக்கோ தெரியாது. இருந்தால் ஆரும் என்னட்டை எழுதக் கேக்கேல்லை."

"ஆனால் அப்பாவுக்கு வெளியிலை குடிச்சுப் பழக்கம்..." என்று தொடங்கியவள் தகப்பனுக்கு முன்னால் இருந்த வெறுங்கோப்பையைக் கண்டாள். "அப்பா? குடிச்சனீங்களோ?"

சச்சிதானந்தன் சூசைதாசனைப் பார்த்தார். சூசைதாசன் கூரையைப் பார்த்தார். இனி மறைக்க இடமில்லை. அவர் மகளிடம் மூன்று வசனத்தில் சொன்னார். லொறி, தேத்தண்ணி, கார். விற்ற கார் எது என்று அட்சயாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"அந்தக் கொறோலா? நான் அதுக்கு எவ்வளவு அழுதனான் அப்பா. எனக்குத் தாறன் எண்டு சொன்ன கார்."

"அதை உனக்குத் தரக்கூடாத நிலைமை, பிள்ளை."

அவள் சிரித்துச் சிரித்துக் குளிர்பெட்டியில் சாய்ந்தாள். சிரிப்பு நின்றதும் கேக்கைப் படமெடுத்தாள். கீழே ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகத் தட்டினாள்; தகப்பன் "என்ன எழுதுறாய், அதெல்லாம் எழுதாதை" என்று எழும்பி வரமுதல் கஜீவனுக்கு அனுப்பியும் விட்டாள்.

எமில்டா நொசிலைக் கழுவினார். சச்சிதானந்தன் சேட்டு உள்ளே ஒழுங்காக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். அட்சயா தொலைபேசியை மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் திரை இருளும் ஒவ்வொரு முறையும் விரலால் தட்டி எழுப்பினாள். சிரித்த பிள்ளைக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று எமில்டாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொலைபேசி அடித்தது. அவள் ஒலியைக் கூட்டிவைத்தாள். கஜீவனின் குரல் வரவில்லை. ஒரு பெண்குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"பிள்ளை அட்சயா, கொப்பர் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"ஓம் அன்ரி."

"கேள் அவரை. சீனி போடுறதோ, விடுறதோ?"

சச்சிதானந்தன் எழுந்து நின்றுவிட்டார். தொலைபேசிக்கு முன்னால், கோயிலில் நிற்பதுபோல நின்றார். "ரெண்டு கரண்டி போடுங்கோ தங்கச்சி. நிறைய."

"நிறையத்தான் தருவன்" என்றார் யோகமலர். குரலின் அடியில் ஏதோ கொப்பளித்தது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. "ஒண்டோடை விடமாட்டன். போன முறை விட்டதுக்கும் சேர்த்துக் குடிச்சிட்டுத்தான் போகவேணும். எங்கட வீட்டிலை கீழை ஒண்டு, மேலை ரெண்டு இருக்கு, பயப்பிட வேண்டாம்."

பின்னால் கஜீவன் சிரிப்பது கேட்டது. தொடர்பு அறுந்தது.

"எழுதாதை எண்டனான்" என்றார் சச்சிதானந்தன், மகளைப் பார்த்து. ஆனால் குரலில் கோபம் இல்லை.

"திரும்பி வரேக்கை கோ ரெயினிலை வாங்கோ அண்ணை" என்றார் சூசைதாசன். "பிக்கரிங்கிலை ஏறி யூனியனிலை மாறினால் மிசிசாகாவுக்கே கொண்டுபோய் விடும். ரெண்டு ரெயினுக்குள்ளையும் எல்லா வசதியும் இருக்கு. காரைப் பிள்ளை கொண்டு வரட்டும்."

எமில்டா அந்தக் கதையைக் கவனிக்கவில்லை. கேக்கின் விளிம்பைக் கடைசியாக ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். இரண்டாவது ணகரத்தின் சுழியில் ஊசிமுனை அளவு ஐசிங் தூக்கிக்கொண்டு நின்றது. ஈரமான தூரிகையால் அதைப் படுத்தினார். பலகையோடு தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி, நான்கு பக்கமும் மடித்து, மூடியை அழுத்தாமல் மூடினார். பெட்டியின் முன்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறி போட்டார்.

"அண்ணை, ரெண்டு கையாலையும் பிடியுங்கோ. மடியிலை வைக்காதேங்கோ, மடிச் சூட்டுக்கு ஐசிங் இளகிப்போகும். அம்புக்குறி அவவைப் பாத்தபடி குடுக்கவேணும், வாசிக்கிறது அவதான்."

சச்சிதானந்தன் இரு கைகளையும் நீட்டினார். எமில்டா பெட்டியை அந்தக் கைகளில் வைத்து, அது சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் தன் கையை எடுத்தார்.